வருகைப் பதிவேட்டுக்குப் பின்னால் இருக்கும் வீடு

ஒரு மாணவனின் மதிப்பெண் திடீரென்று சரிந்தால் ஆசிரியர் அறையில் இரண்டு விளக்கங்கள்தாம் உடனே கிடைக்கும்: "வீட்டில் காசு இல்லை", அல்லது "வீடு சரியில்லை". முதலாவது வருமானத்தைக் குறிக்கிறது. இரண்டாவது, அப்பா இல்லை, அம்மா பிரிந்துபோய்விட்டார், பாட்டிதான் வளர்க்கிறார், வீட்டில் ஆட்கள் அதிகம் என்பன போன்ற எதை வேண்டுமானாலும் குறிக்கும். வகுப்பாசிரியராக நீண்ட காலமும், பிறகு கட்டணச் சலுகை விண்ணப்பங்களையும் தொடர்ந்து வராத பிள்ளைகளையும் கவனிக்கும் பொறுப்பில் சில காலமும் இருந்தவள் என்ற முறையில் இந்த இரண்டையும் நான் ஓயாமல் கேட்டிருக்கிறேன். அவை பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு எதையும் செய்துவிட முடியாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் எவ்வளவு வருகிறது என்பதும் படிப்பை நேராகத் தொடுவதில்லை. பணம் எந்தத் தேதியில் வருகிறது, மாலையில் எந்தப் பெரியவர் வீட்டில் இருக்கிறார், கையில் இருக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று யார் முடிவெடுக்கிறார், குடும்பம் அடிக்கடி வீடு மாறுகிறதா என்ற சில வழிகளில்தான் அவை வகுப்பறைக்கு வந்து சேர்கின்றன. இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் வீட்டாராலோ பள்ளியாலோ ஓரளவாவது செய்யக்கூடியது ஏதேனும் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குடும்பப் பின்னணிக்கும் படிப்புக்கும் உள்ள உறவு பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களை உள்ளடக்கி வெளிவந்த அரசு அறிக்கை, பள்ளிகளுக்கிடையே உள்ள வசதி வேறுபாட்டைவிடப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதே மதிப்பெண் வேறுபாட்டை அதிகம் விளக்குகிறது என்றது. இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பள்ளி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அதைவிடப் பயன்பட்டது, சாரா மெக்லனஹன், கேரி சாண்டஃபர் என்ற இரு சமூகவியலாளர்கள் 1994-இல் வெளியிட்ட முடிவுகள். பெற்றோரில் ஒருவருடன் மட்டும் வளரும் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் நின்றுவிடும் வாய்ப்பு, இருவருடனும் வளரும் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதை அவர்கள் அமெரிக்கத் தரவுகளிலிருந்து காட்டினார்கள். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுபவர்கள், அதே ஆய்வாளர்கள் அடுத்ததாகச் சொன்னதை விட்டுவிடுகிறார்கள்: அந்த வேறுபாட்டில் கிட்டத்தட்டப் பாதி, அந்த வீடுகளில் வருமானம் குறைந்துபோனதால் வருவது; எஞ்சியதில் பெரும்பகுதி, பிள்ளையோடு செலவிடப் பெரியவர்களுக்கு நேரம் இல்லாமல் போவதாலும் வீடும் பள்ளியும் மாறிக்கொண்டே இருப்பதாலும் வருவது.

"அப்பா இல்லாத பிள்ளை" என்று ஒருவர் தொடங்கும்போது நான் அந்தப் பாதியை நினைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் குறைந்திருப்பது ஒரு மனிதர் மட்டுமா, அவருடைய சம்பளமும் சேர்ந்தா என்று கேட்டால் பேச்சு உடனே வேறு திசைக்குப் போகும். தந்தை இறந்துபோன வீட்டுப் பிள்ளையையும் பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளையையும் அடுத்தடுத்த இருக்கைகளில் வைத்துப் பாடம் நடத்தியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இறப்பு நேர்ந்த வீட்டுக்கு உறவினர்கள் வருகிறார்கள். பள்ளிக்குத் தகவல் முறையாக வந்து சேர்கிறது. கட்டணச் சலுகையை யாரும் கேட்காமலேயே தலைமையாசிரியர் எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்தால் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பிரிவு நேர்ந்த வீட்டிலோ யாரும் எதையும் அறிவிப்பதில்லை. ஒரு மாதத்திலிருந்து பணம் வருவது நின்றுபோயிருக்கும்; தாய் அதை வெளியே சொல்லக் கூசுவார்; பிள்ளைக்கும் சொல்லாதே என்று கட்டளை இருக்கும்; சலுகை கேட்கலாம் என்ற எண்ணமே ஓராண்டு கழித்துத்தான் எழும். இரண்டு வீட்டிலும் வருமான இழப்பு ஒன்றாகவே இருந்தாலும் ஒன்றில் இழப்பைச் சுற்றி ஆட்கள் கூடுகிறார்கள், மற்றதில் கலைகிறார்கள். பிரிந்து வாழும் தாய்மார்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்ன யோசனை, காரணத்தைச் சொல்ல வேண்டாம், வருமானம் எந்த மாதத்திலிருந்து குறைந்தது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள் என்பதுதான். காரணத்தைக் கேட்டுத் துருவும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. அப்படிப்பட்டவரிடம் அந்த ஒரு தாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வருமானம் என்றதும் எல்லோரும் தொகையைத்தான் கேட்கிறார்கள். விண்ணப்பப் படிவத்திலும் ஆண்டு வருமானம் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். ஆனால் ஆண்டு வருமானம் ஒரே அளவாக இருக்கும் இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் முற்றிலும் வேறு விதமாகப் பள்ளிக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் மாதத்தின் முதல் நாள் சம்பளம் குறைவாகவேனும் வந்துவிடும். மற்றதில் வேலை கிடைத்த வாரம் நன்றாக வரும், கிடைக்காத வாரம் ஒன்றும் வராது. முதல் வீட்டுப் பிள்ளையின் நோட்டுகள் பழையனவாக இருந்தாலும் எல்லாப் பாடத்துக்கும் இருக்கும். இரண்டாம் வீட்டுப் பிள்ளைக்குப் பருவத் தொடக்கத்தில் எல்லாம் புதிதாக இருக்கும், இரண்டு மாதம் கழித்துக் கணக்கும் அறிவியலும் ஒரே நோட்டின் முன்பக்கமும் பின்பக்கமுமாகச் சேர்ந்துவிடும். கடன் வாங்குவதும் அடகு வைப்பதும் இந்த இரண்டாம் வகை வீட்டில்தான் அதிகம். ஆகவே, அதே ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கு வட்டிக்குப் போய்விடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதை வருகைப் பதிவேட்டிலேயே காணலாம். பதிவேட்டை நாம் வழக்கமாகக் குறுக்காக, பெயர் பெயராகப் படித்து இவன் இத்தனை நாள் வரவில்லை என்று கூட்டுகிறோம். அதையே நெடுக்காக, தேதி தேதியாகப் படித்தால் வேறு செய்தி கிடைக்கும். ஒரு மாணவனுடைய விடுப்புகள் மாதம் தவறாமல் கடைசி வாரத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. உடல்நலம், விருந்தினர் வருகை, வீட்டு வேலை என்று ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் வரும். எல்லாக் கடிதமும் ஒரே கையெழுத்து, அவனுடையதே. விசாரித்தபோது, தாயின் சம்பளம் தீர்ந்துவிடும் அந்த நாட்களில் பேருந்துக் கட்டணத்துக்குப் பணம் இல்லை என்பது தெரிந்தது. ஒவ்வொரு நாளும் சில்லறையாகக் கொடுத்துவந்த பேருந்துக் கட்டணத்தை, சம்பளம் கைக்கு வரும் அன்றே மாதப் பயணச்சீட்டாக வாங்கிவிடும்படி அவருக்குச் சொன்னோம். கடைசி வார விடுப்பு நின்றது. வருமானம் ஒரு காசுகூட உயரவில்லை. இதற்குப் பிறகு, சலுகை கேட்டு வரும் பெற்றோரிடம் "எவ்வளவு வருகிறது?" என்பதற்கு முன்னால் "எப்போது வருகிறது?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தொகையைச் சொல்லத் தயங்குபவர்கள்கூடத் தேதியைத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள் என்பது இதில் கிடைத்த கூடுதல் ஆதாயம்.

பணம் எப்போது வருகிறது என்பது பெரியவர்களின் தலைக்குள்ளேயே என்ன செய்கிறது என்பதற்கு 2013-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னர், கையில் பணம் இல்லாத காலத்தில் ஒரு முறையும், அறுவடைப் பணம் வந்தபின் ஒரு முறையும் சில அறிவுத்திறன் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். அதே மனிதர்கள், அதே கல்வி, அதே வீடு. ஆனால் அறுவடைக்குப் பிந்தைய சோதனைகளில் அவர்கள் தெளிவாகவே நன்றாகச் செய்தார்கள். பணமுடை இருக்கும் மாதத்தில் பள்ளியிலிருந்து போன சுற்றறிக்கையைப் படிக்காமல் விட்ட தாயையும், பெற்றோர் கூட்டத்தை மறந்துவிட்ட தந்தையையும் அக்கறை இல்லாதவர்கள் என்று தீர்ப்பெழுதுவதற்கு முன்னால் இதை ஆசிரியர்கள் நினைவில் கொள்வது நல்லது. முக்கியமான படிவங்களை, குறிப்பாக உதவித்தொகைக்கும் தேர்வுக்கும் உரியவற்றை, பெரும்பாலான வீடுகளில் பணம் வந்து சேரும் நாட்களை ஒட்டி அனுப்புவதும், கட்டணத் தவணையைப் பருவத் தொடக்கம் என்று எல்லோருக்கும் ஒரே நாளாக வைக்காமல் குடும்பத்தின் வரவு நாளோடு பொருத்திக் கொடுப்பதும் பள்ளிக்குச் செலவே இல்லாத காரியங்கள். கணக்கருக்குக் கூடுதல் வேலை என்பது உண்மைதான். எங்கள் கணக்கர் முதலில் முணுமுணுத்தார். வசூல் முன்பைவிட ஒழுங்காக வரத் தொடங்கியதும் அவரே அந்தப் பட்டியலைப் பேணத் தொடங்கினார்.

வருமானம் உயர்ந்தால் படிப்பு உயரும் என்பது பொதுவாக உண்மையே. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் செரோக்கி பழங்குடியினர் 1990-களின் பிற்பகுதியில் சூதாட்ட விடுதி ஒன்றின் லாபத்தைத் தங்கள் உறுப்பினர் அனைவருக்கும் பகிர்ந்தளிக்கத் தொடங்கினார்கள். யாருடைய முயற்சியோ திறமையோ சம்பந்தப்படாமல் வந்த பணம் என்பதால் ஆய்வாளர்களுக்கு அது ஓர் அரிய வாய்ப்பாக அமைந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டாலர் கூடுதலாகக் கிடைத்த மிக ஏழை வீடுகளின் பிள்ளைகள், 21 வயதில் சராசரியாக ஓராண்டு அதிகமாகப் படித்திருந்தார்கள் என்று 2010-இல் வெளியான முடிவுகள் கூறின. இதில் நான் கவனித்தது, பணம் வந்தபின் பெற்றோர் பிள்ளைகளைக் கவனிப்பதும் அவர்களோடான உறவும் மேம்பட்டிருந்தன என்று அந்த ஆய்வுகள் சேர்த்துச் சொன்னதைத்தான். அங்கே வருமானம் நேரத்தைப் பறிக்காமல் வந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு வருமானம் அப்படி வருவதில்லை. கூடுதல் வேலை நேரமாகவே வருகிறது.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவளுடைய கணக்கு நோட்டை இப்போதும் என்னால் பக்கம் பக்கமாகச் சொல்ல முடியும். தொடக்கப் பக்கங்களில் ஓரக் கோடு அடிக்கோலால் போடப்பட்டிருக்கும், விடைக்குக் கீழே இரட்டைக் கோடு இருக்கும். நடுவில் ஒரு பின்னப் பாடத்திலிருந்து ஓரக் கோடு காணாமற்போனது. பிறகு விடைகள் மட்டும் இருந்தன, வழிமுறை இல்லை. பிறகு கேள்விகள் மட்டும் எழுதப்பட்டிருந்தன. அதே வாரங்களில் அவளுடைய சீருடை புதிதாகியிருந்தது, காலணி மாறியிருந்தது. வீட்டில் ஏதோ நன்றாகத்தான் நடக்கிறது என்று யாரும் நினைத்திருப்பார்கள். தாயை வரச் சொல்லிப் பேசினேன். கணவர் பிரிந்தபின் பகலில் ஒரு வேலை பார்த்துவந்தவர், அந்த மாதத்தில் மாலை நேரத்துக்கும் இன்னொரு வேலை பிடித்திருந்தார். கைக்குழந்தையையும் இரண்டாம் வகுப்புப் பையனையும் மாலை முழுவதும் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பாகியிருந்தது. "அவ இல்லேன்னா அந்த வேலைக்கே நான் போக முடியாது டீச்சர். படிப்பு முக்கியம்னு எனக்குத் தெரியாதா?" என்றார். குற்றம் சொல்ல அங்கே யாரும் இல்லை. அவருடைய வருமானம் உயர்ந்திருந்தது. அந்த உயர்வுக்கு உண்டான விலையைப் பன்னிரண்டு வயதுப் பெண் மாலை நேரமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாலை வேலையை விடச் சொல்வது சுலபம், ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. நாங்கள் செய்தது சிறியது. பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் வகுப்பறையிலேயே இருந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுப் போக அவளுக்கு அனுமதி வாங்கினோம். அந்த ஒரு மணி நேரம் தம்பியும் அவளோடு அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதுவான். கைக்குழந்தையை அந்த நேரம்வரை வைத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் தாயே பேசினார். இந்த ஏற்பாடு நிலைத்ததற்குக் காரணம், அதில் மூன்று பேருடைய பெயரும் நேரமும் தெளிவாக இருந்தன என்பதே என்று நினைக்கிறேன். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லப்பட்ட ஏற்பாடுகள் எதுவும் ஒரு மாதம் தாண்டி நான் பார்த்ததில்லை. கூடுதல் வேலை எடுக்க நினைக்கும் பெற்றோருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது: அந்த வேலையால் வரும் பணத்தை எழுதுவதற்கு எதிரே, அந்த நேரத்தில் வீட்டில் இப்போது நடந்துவரும் காரியங்களை ஒவ்வொன்றாக எழுதி, இனி அதை யார் செய்வார் என்று பெயர் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மூத்த பிள்ளையின் பெயரே வந்தால், வேலையை ஏற்பதற்கு முன்பே மாற்று ஆள் தேட வேண்டும்.

மூத்த பிள்ளையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை கூடக்கூட ஆளுக்குக் கிடைக்கும் பணமும் கவனிப்பும் குறைவதால் படிப்பும் குறையும் என்பது நெடுநாளைய வாதம். நார்வே நாட்டின் பதிவுகளை வைத்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, பிறப்பு வரிசையைக் கணக்கில் எடுத்துவிட்டால் குடும்ப அளவின் தாக்கம் ஏறத்தாழ இல்லாமலேயே போய்விடுகிறது என்றும், பின்னால் பிறந்தவர்களே சற்றுக் குறைவாகப் படிக்கிறார்கள் என்றும் காட்டியது. அது அரசு பெரும்பாலானவற்றைப் பார்த்துக்கொள்ளும் வசதியான நாட்டின் நிலை. வரவு குறைந்த வீடுகளில் நான் கண்டது இதற்கு நேர் எதிர். அங்கே மூத்தவர்தாம் முதலில் நிற்கிறார். அவருடைய சம்பளத்திலோ உழைப்பிலோ இளையவர்கள் மேற்கொண்டு படிக்கிறார்கள். கடைசிப் பிள்ளை பட்டம் வாங்கிய வீட்டில், மூத்த அக்கா எட்டாம் வகுப்போடு நின்றிருப்பாள். அந்தப் பட்டத்தைக் குடும்பத்தின் முன்னேற்றம் என்று கொண்டாடும்போது இதையும் ஒருவர் சொல்ல வேண்டும். ஆசிரியர்களுக்கு இதில் ஒரு நடைமுறைக் குறிப்பு: வீட்டில் புதுக் குழந்தை பிறந்திருக்கிறது, பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார், தாய் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்ற மூன்று செய்திகளில் எது காதில் விழுந்தாலும், அந்த வீட்டு மூத்த பெண்ணின் வருகையை அந்த மாதமே பார்த்துவிடுங்கள். இடைநிற்றல் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் காலைத் தாமதம் வரும், பிறகு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, பிறகு தேர்வுக்கு மட்டும் வருவது, கடைசியில் தேர்வுக்கும் வராதது. முதல் இரண்டு கட்டத்தில் பேசினால் பெரும்பாலும் மீட்கலாம். மூன்றாவதில் வீடு ஏற்கெனவே அவளில்லாமல் நடக்க முடியாதபடி அமைந்துபோயிருக்கும்.

கூட்டுக் குடும்பத்தில் இந்தச் சிக்கல் இல்லை என்று சொல்லப்படுவதுண்டு. கவனிக்க ஆள் இருப்பது பெரிய பலம்தான். தாத்தா பாட்டியோடு இருக்கும் சிறு பிள்ளைகள் கதை கேட்டும் பேசியும் சொல்வளத்தோடு வருவதை முதல் வகுப்பு ஆசிரியர் எவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் பணத்தை யார் கையாளுகிறார் என்பதைப் பார்க்காமல் கூட்டுக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவில் 1990-களில் முதியோர் உதவித்தொகை கறுப்பின மக்களுக்கும் முழுமையாக விரிக்கப்பட்டதன் விளைவைப் பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்ளோ ஆராய்ந்தபோது, அந்தப் பணம் பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் வளர்ச்சி மேம்பட்டிருந்தது, தாத்தாவின் கைக்கு வந்த வீடுகளில் அப்படி ஒன்றும் காணப்படவில்லை என்று 2003-இல் எழுதினார். இது உடல்நலம் பற்றியதுதான், படிப்பைப் பற்றியதன்று. ஆனாலும் வீட்டுக்குள் வரும் பணம் எல்லோருக்குமான பொதுப்பணமாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்க்கவில்லை. மெக்சிகோ அரசு 1997-இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு பணத்தைத் தாய்மார்களிடம் கொடுத்ததும், உயர்வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்ததும் இந்த அறிவின் வழி வந்தவையே. அங்கே சேர்க்கை மிகவும் உயர்ந்தது தொடக்கப் பள்ளியிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும் கட்டத்தில்தான். வீடுகள் பிள்ளையை நிறுத்திவிடுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பெரியப்பாவோ மாமாவோ கட்டணம் கட்டும் வீடுகளில் இன்னொன்று நடக்கும். கட்டணம் கட்டுபவர் எந்தப் பாடப்பிரிவு என்று முடிவெடுப்பவராகவும் ஆகிவிடுவார். பத்தாம் வகுப்பு முடியும்போது இது வெளியே வரும். நன்றாகப் படிக்கும் பெண்ணைக் குறுகிய படிப்பில் சேர்க்கச் சொல்லி வந்த பெரியவரின் பக்கத்தில் தந்தை பேசாமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இத்தகைய வீடுகளில் பெற்றோரைத் தனியாகத் தூண்டிவிடுவதால் பயனில்லை. உதவித்தொகை, கட்டண விலக்கு என்று ஏதாவது ஒன்றின் வழியாகப் பெற்றோரின் கையில் சிறு தொகையாவது வந்துவிட்டால் அவர்களுடைய குரலும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே, விண்ணப்பிக்கத் தகுதியிருந்தும் "அண்ணன்தான் கட்டுகிறாரே" என்று விட்டுவிடும் பெற்றோரை நான் விடுவதில்லை.

வீடு மாறுவதால் ஏற்படும் சேதம் அதிகம் பேசப்படாத ஒன்று. வேலை போனது, வாடகை கட்ட முடியவில்லை, பெற்றோர் பிரிந்தனர், கடன்காரர் தொல்லை என்று எந்தக் காரணத்தால் குடும்பம் இடம் பெயர்ந்தாலும், கல்வியாண்டின் நடுவில் பெயர்ந்தால் பிள்ளை ஒரு பாடப்பகுதியை இரண்டு முறை படிக்கும், இன்னொன்றை ஒரு முறையும் படிக்காது. பின்னத்தைப் படிக்காமல் விட்ட பிள்ளை அதை நேரடியாகச் சொல்லாது; விகிதம், வட்டி, இயற்கணிதம் என்று ஒவ்வொன்றிலும் தடுக்கி விழும்போது "கணக்கு வராது" என்ற பெயர் மட்டும் நிலைத்துவிடும். முடிந்தவரை ஆண்டு முடியும்வரை பழைய பள்ளியிலேயே வைத்திருங்கள், சில மாதங்களுக்குப் பயணம் நீண்டாலும் பரவாயில்லை. முடியாவிட்டால், மாற்றுச் சான்றிதழோடு ஒவ்வொரு பாடத்திலும் எந்த அலகுவரை முடிந்தது என்ற விவரத்தையும் பாட ஆசிரியர்களிடம் எழுதி வாங்கிச் செல்லுங்கள். யாரும் கேட்காத தாள் அது. ஆனால் புதிய பள்ளியில் மதிப்பெண் பட்டியலைவிட அதுவே பயன்படும். பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகைக் கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை, பிரிந்து வாழும் பெற்றோராக இருந்தால் இருவருமே வைத்துக்கொள்வது அவசியம். அசல் ஒருவரிடம் சிக்கிக்கொண்டதால் சேர்க்கை தள்ளிப்போன பிள்ளைகள் பலர்.

வருமானம் போதுமான அளவுக்கு இருந்தும் படிப்பு சரியும் வீடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தொலைவில் வேலை பார்க்கும் பெற்றோர் ஒழுங்காகப் பணம் அனுப்புவார்கள், டியூஷனுக்கும் கட்டியிருப்பார்கள். ஆனால் இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்க வீட்டில் ஒருவர் இருக்கமாட்டார். அந்தக் கேள்வியைத் தொலைபேசியிலும் கேட்கலாம். நாள் தவறாமல் ஒரே நேரத்தில் அழைத்து, மதிப்பெண்ணைக் கேட்காமல் பாடத்தைக் கேட்கும் தந்தையர் சிலரின் பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள்.

பிள்ளைகளிடம் வீட்டு வரவைச் சொல்வதா, மறைப்பதா என்று பெற்றோர் கேட்பார்கள். ஏறத்தாழப் பத்து வயது ஆன பிள்ளைக்கு வீட்டில் பணம் இல்லை என்பது யாரும் சொல்லாமலேயே தெரிந்துவிடும். தெரியாதது, அதனால் தன் படிப்பு நிற்குமா என்பது மட்டும்தான். அந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும்: இந்த ஆண்டுக் கட்டணத்துக்கு வழி இருக்கிறது, அடுத்த ஆண்டுக்கு இன்ன ஏற்பாட்டைப் பார்க்கிறோம் என்று. சொல்லாத வீடுகளில் பையன்கள் தாங்களாகவே முடிவெடுத்து வேலைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனவர்களில் சிலருடைய பெற்றோர், கட்டணத்துக்குப் பணம் எடுத்து வைத்திருந்தோமே என்று என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள்.

பள்ளிகள் ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கும் படிவத்தில் தந்தை பெயர், தாய் பெயர், தொழில், ஆண்டு வருமானம் என்ற கட்டங்களுக்குக் கீழே மூன்று வரிகளைச் சேர்க்கலாம்: மாலையில் பிள்ளையோடு வீட்டில் இருக்கும் பெரியவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன, கட்டணம் கட்ட மாதத்தில் எந்த வாரம் வசதி. தந்தை பெயருக்கு எதிரே "இல்லை" என்று எழுத நேரும் பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் தயங்கி நிற்பதைப் பார்த்தபின், எங்கள் படிவத்தில் "பொறுப்பாளர் ஒன்று, பொறுப்பாளர் இரண்டு" என்று மாற்றினோம். இரண்டாவது கட்டாயமில்லை என்று சிறிய எழுத்தில் போட்டோம். நிரப்பித் திரும்பி வந்த படிவங்களில் இரண்டாம் பொறுப்பாளராகச் சித்தி, தாய்மாமன், பக்கத்து வீட்டு அக்கா, முன்னாள் டியூஷன் ஆசிரியர் என்று பல பெயர்கள் வந்தன. ஒரு பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் இப்போது நாங்கள் முதலில் அழைப்பது அந்த இரண்டாம் எண்ணைத்தான். வேலை நேரத்தில் பெற்றோரால் எடுக்க முடியாத அழைப்பை அவர் எடுத்துவிடுகிறார், பெரும்பாலும் காரணமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.